இருக்கிற நெருப்பு

இரவுப் பதிவேட்டில் எழுதினேன்:
1.40. கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை.
பம்பலப்பிட்டியில் அந்நேரம்
கடல் மட்டும்தான் வேலையில் இருந்தது.
ஆறாம் பிறை அதற்குள் இறங்கிப் போய்விட்டது.

ஏழாம் அறைத் திர்ஸா படியிறங்கி வந்தாள்.
ஒரு கையில் மெழுகுவர்த்தி, மறுகையில் தடித்த புத்தகம்.
துறைமுகத்தில் பழுதாகி நிற்கும் கப்பலொன்றின்
வயிற்றைப் பரிசோதிக்க வந்தவள்.
"இன்று எங்கள் பெருநாள்.
விடியும்வரை படிக்கவேண்டும்.
தனியே படித்தால் ஏறாது, எதிரே ஓர் ஆள் வேண்டும்."

"உங்கள் எழுத்து எனக்குத் தெரியாதே?"

"ஒரு பக்கம் இங்கிலீஷ் இருக்கிறது.
எதிர்த்துப் பேசு, போதும்.
ஆமாம் ஆமாம் என்றாயானால் தூங்கிவிடுவேன்."

பாலைவனத்தில் ஒரு மலை.
மறை இறங்கவிருந்த காலையில்
அடிவாரத்தில் சனங்கள் அயர்ந்து தூங்கிவிட்டார்களாம்.
கொடுக்க வந்தவர் காத்து நின்றாராம்.
அந்த ஒரு தூக்கத்துக்குத்தான்
வருடா வருடம் ஓர் இரவை
வட்டியாகக் கட்டுகிறோம் என்றாள்.

"ஏன் பாலைவனம்?"

"யாரிடமும் உறுதி இல்லாத காணி.
எவரும் வந்து வாங்கிக்கொள்ளலாம்."

"உறுதி இல்லாத காணியென்றால்
இங்கே முதலில் முட்கம்பி வேலி வரும்,
பிறகுதான் கடவுள் வருவார்."

மேசையில் தட்டிச் சிரித்தாள்.
"இதை ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும்.
இன்று எழுதக்கூடாது. நீ ஞாபகம் வைத்திரு."

அவர்களுடைய முதலெழுத்துக்கு ஓசை கிடையாதாம்.
மலையில் கேட்டது அது மட்டும்தான் என்கிறார்களாம் சிலர்.
நான் அ என்று சொல்லிக் காட்டினேன்.
எங்களுக்கு வாயைத் திறந்தாலே முதலெழுத்து.
அவள் திறக்குமுன் நிறுத்திக் காட்டினாள்.
தொண்டைக்குள் ஒரு கதவு,
பிடியில் கை, இன்னும் திருகவில்லை.
இரண்டு பெண்கள் நள்ளிரவுக்கு மேல்
வரவேற்பு மேசையில் வாயைத் திறந்தும் மூடியும்.
யாராவது பார்த்திருந்தால் வேலை போயிருக்கும்.

மெழுகுவர்த்தி அடிக்கு வந்தது.
லாச்சியில் தீப்பெட்டியைத் தேடினேன்.
"எனக்காகக் குச்சி கிழிக்காதே.
இன்று நெருப்பைப் புதிதாகப் பிறப்பிப்பதில்லை.
இருக்கிறதில் வாங்கலாம்."
புதியதைச் சாய்த்துப் பிடித்தேன்.
வாங்கும்போது இரண்டுமே ஒருகணம் குனிந்தன.

மூன்று மணிக்குத் துவான் நிஸ்வர் கண்ணாடியைத் தட்டினான்.
பெற்றோல் வரிசையில் அறுபத்து மூன்றாவது த்ரீவீல்.
இரண்டு இரவாய்க் கண்மூடவில்லை.
"மிஸ், பீடிக்கு ஒரு நெருப்பு?"
திர்ஸா மெழுகுவர்த்தியை அவன் பக்கம் நகர்த்தினாள்.
புத்தகத்தைப் பார்த்து, "சோதனையா?" என்றான்.
"ஓம்," என்றேன்.
"பாஸாகிவிடுங்கள்," என்று புகையோடு போனான்.

அதன்பின் ஒரே வரியில் ஒரு மணிநேரம்.
என்ன வரி என்று இப்போது கேட்டால்
எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.
விட்டுக்கொடுக்காமல் இருந்தது மட்டும் ஞாபகம்.
ஒருமுறை எனக்காக அவளே வாதாடினாள்,
என் பக்கம் நின்று, அவளுக்கெதிராக,
என்னைவிட நன்றாக.

காகங்கள் தொடங்கின.
வெசாக் கூடொன்றின் மூங்கில் எலும்பு
எதிர்க்கடைக் கூரையில் நனைந்து தொங்கியது.
காலி வீதியில் யாரோ கத்தினார்கள்:
"பவுசர் ஆவா! ஆவா!"

வரிசை அசைந்தது.
நிஸ்வர் அசையவில்லை.
ஹாண்டிலில் நெற்றி வைத்து,
அத்தனை விழிப்புக்குப் பிறகு,
சரியாக அந்த நேரத்தில், தூங்கிப்போயிருந்தான்.

பின்னாலிருந்தவன் ஹோர்ன் அடிக்கவில்லை.
இறங்கி வந்தான்.
தோளைக் கொடுத்துத்
தூங்குகிறவனோடு சேர்த்து வண்டியை
ஒரு வண்டி நீளம் தள்ளினான்.
திரும்பிப்போய்த் தன்னுடையதைத் தள்ளினான்.
மறுபடி வந்தான்.

திர்ஸா கண்ணாடியில் விரல்களை ஊன்றி நின்றாள்.
புத்தகம் மேசையில் திறந்தபடி கிடந்தது.
"அன்றைக்கு மலையடியிலும்..." என்று தொடங்கி
வாயைத் திறக்குமுன்னான அந்த இடத்தில்
நின்றுவிட்டாள்.

நான் எதிர்த்துப் பேசவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
5.50. கரண்ட் வந்தது.
மெழுகுவர்த்தி ஒன்று செலவு.
தீக்குச்சி இல்லை.